மடிக்கணினியில் கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்யலாமா?

கேட்டவர் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3060 மடிக்கணினி வைத்திருக்கிறார். அதில் உள்ள கிராபிக்ஸ் சில்லுக்கு உற்பத்தியாளர் விதித்திருக்கும் உச்ச மின்திறன் 85 வாட். புதிதாக வரும் கேம்களில் நொடிக்கு 52 பிரேமைத் தாண்டுவது அரிதாக இருக்கிறது. வெப்பநிலை 86 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. கார்டின் அமைப்புகளை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக்கை, அதாவது சில்லின் வேகத்தை, 150 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி ஓவர்கிளாக் செய்துவிட்டால் 60 பிரேம் வந்துவிடும் என்று விடுதி நண்பர்கள் சொல்கிறார்கள்; அப்படிச் செய்தால் சில்லு கருகிவிடும் என்று அண்ணன் எச்சரிக்கிறார். இதே கணினியில்தான் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கான இயந்திரக் கற்றல் மாதிரிகளையும் பயிற்றுவிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறார். துணிந்து செய்யலாமா என்பது கேள்வி.

நண்பர்கள் சொல்வதும் நடக்காது, அண்ணன் அஞ்சுவதும் நடக்காது. அந்த 150 மெகாஹெர்ட்ஸால் 60 பிரேம் வராது; சில்லும் கருகாது. இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. மடிக்கணினியில் கிராபிக்ஸ் சில்லைக் கட்டிப்போட்டிருப்பது கிளாக் வேகம் அல்ல. அதற்கு அளந்து ஊற்றப்படும் மின்சாரமும், அந்த மின்சாரம் வெப்பமாக மாறிய பின் வெளியேற அதற்குக் கிடைக்கும் வழியும்தான். ஆஃப்டர்பர்னர் அந்தக் கட்டை அவிழ்ப்பதில்லை.

ஒரே பெயர் கொண்ட இரண்டு கார்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 2021இல் வெளிவந்த மேசைக்கணினி ஆர்டிஎக்ஸ் 3060இல் கணக்குப் போடும் சிறு அலகுகளான கூடா கோர்கள் 3584 உண்டு. அதே ஆண்டு வந்த மடிக்கணினி ஆர்டிஎக்ஸ் 3060இல் 3840. அதாவது, கோர்களின் எண்ணிக்கையில் உங்கள் சில்லுதான் பெரியது. ஆனாலும் கேமில் மேசைக்கணினிக் கார்டே முந்துகிறது. அதற்கு 170 வாட் தரப்படுகிறது. மடிக்கணினிச் சில்லுக்கு, உற்பத்தியாளர் தம் பெட்டியின் தடிமனுக்கும் விசிறிக்கும் ஏற்பத் தேர்ந்துகொள்ளும் வகையில், 60 முதல் 115 வாட் வரைதான். 60 வாட்டில் ஓடும் கணினியும் 115 வாட்டில் ஓடும் கணினியும் கடையில் ஒரே ஒட்டியைத் தாங்கி நிற்பது வாங்குபவருக்கு நியாயமானதாக எனக்கு எப்போதும் தோன்றியதில்லை. அது போகட்டும். உங்கள் 85 வாட் அந்த வரம்பின் நடுவில் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, சில்லு தன் வேகத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்று பார்ப்போம். பழைய காலத்தில் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரே வேகம் இருந்தது. அதைக் கூட்டினால் அது ஓவர்கிளாக். 2012இல் ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு, இந்தச் சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் ஜிபியு பூஸ்ட் என்ற முறையைக் கொண்டுவந்த பிறகு அந்த எளிமை போய்விட்டது. இன்றைய சில்லுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது: இத்தனை மில்லிவோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் இத்தனை மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் தவறின்றி ஓடலாம் என்பது அதன் ஒவ்வொரு வரியும். அந்த அட்டவணையில் எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயர்ந்து, மின்திறன் எல்லையையோ வெப்ப எல்லையையோ மின்னழுத்த எல்லையையோ தொட்டவுடன் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் கீழிறங்கி, நிலைமை தளர்ந்ததும் மீண்டும் ஏறுவது சில்லின் இயல்பு. ஆக, நீங்கள் கை வைப்பதற்கு முன்பே உங்கள் கார்டு ஒவ்வொரு நொடியும் தன்னைத்தானே ஓவர்கிளாக் செய்துகொண்டுதான் இருக்கிறது. மிச்சம் இருப்பதை எடுக்கத்தான் நீங்கள் முயல்கிறீர்கள்.

மிச்சம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சில்லு இயங்கும்போது செலவழிக்கும் மின்திறன் கிளாக் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு (அதாவது வர்க்கத்துக்கு) நேர்விகிதத்திலும் கூடும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், தோராயமாகச் சொன்னால், வேகத்தின் மும்மடியோடு (அதாவது கனத்தோடு) மின்திறன் ஏறுகிறது. பத்து சதவீதம் கூடுதல் வாட் கொடுத்தால் வேகம் மூன்று சதவீதம்தான் கூடும். இந்த ஒரு வாய்ப்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், மடிக்கணினி கேமிங் உலகில் சொல்லப்படும் பாதி வாக்குறுதிகளின் எடையை வீட்டிலிருந்தே போட்டுவிடலாம்.

இப்போது ஆஃப்டர்பர்னரில் கோர் கிளாக் எதிரே +150 என்று இடும்போது உண்மையில் என்ன நடக்கிறது? சில்லின் வேகம் 150 கூடிவிடுவதில்லை. மேலே சொன்ன அட்டவணை முழுவதும் 150 மெகாஹெர்ட்ஸ் மேலே நகர்த்தப்படுகிறது. முன்பு 800 மில்லிவோல்ட்டில் 1,500 மெகாஹெர்ட்ஸ் ஓடு என்றிருந்த வரி, அதே 800 மில்லிவோல்ட்டில் 1,650 ஓடு என்றாகிறது. ஆனால் 85 வாட் எல்லை அப்படியே நிற்கிறது. மடிக்கணினிகளில் மின்திறன் எல்லையை நகர்த்தும் பட்டையும் மின்னழுத்தப் பட்டையும் பெரும்பாலும் பூட்டப்பட்டே இருக்கும். எனவே சில்லு வேகம் கூட முயலும்போது முன்பு தொட்ட அதே 85 வாட்டை முன்பைவிடச் சற்றுக் குறைந்த மின்னழுத்தத்திலேயே தொட்டுவிட்டு நின்றுகொள்கிறது. நீங்கள் கேட்ட 150இல் ஒரு பகுதிதான் கைக்கு வரும். வெப்பம் கூடாது, ஏனென்றால் வெப்பம் என்பது வாட், வாட் மாறவில்லை. அண்ணன் அஞ்சும் கருகல் நிகழாததற்கு இதுவே காரணம். பெயர் ஓவர்கிளாக் என்றாலும், மின்திறன் எல்லையில் முட்டி நிற்கும் மடிக்கணினியில் நாம் செய்வது நடைமுறையில் மின்னழுத்தத்தைக் கஞ்சத்தனமாகக் கொடுப்பதுதான்.

நான் கைவைத்துப் பார்த்த வரையில் இதனால் கிடைப்பது ஐந்து சதவீதத்தை ஒட்டியிருக்கும். நல்ல சில்லு வாய்த்தவர்களுக்குக் கொஞ்சம் கூடும். உங்கள் 52 பிரேம் 54 அல்லது 55 ஆகும். கண் அதை உணராது. ஒப்பிட்டுப் பாருங்கள்: 1080பி திரையில், சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியைத் தரமுதன்மை (குவாலிட்டி) நிலையில் வைத்தால், கார்டு உள்ளே வரைவது 1280க்கு 720 அளவுள்ள படத்தைத்தான், வரையவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைகின்றன. நிழல்களின் தரத்தை ஒரு படி இறக்குவதுகூடப் பல கேம்களில் ஓவர்கிளாக் தருவதைவிட அதிகமாகத் தரும். 60ஐ எட்டுவதுதான் நோக்கம் என்றால், அதற்கான வழி கேமின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் எல்லோரும் தேடும் இடத்தில் இல்லை. தொழிற்சாலை அந்த அட்டவணையை எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் இடைவெளி விட்டு எழுதுகிறது. சில்லு முதுமையடைந்து மந்தமாகும் நாளுக்கும், அறை வெப்பம் கொதிக்கும் நாளுக்கும், சுமை திடீரென ஏறி மின்னழுத்தம் ஒரு கணம் சரியும் தருணத்துக்கும் அந்த இடைவெளிதான் காப்பு. +150 என்று இடும்போது நீங்கள் எடுத்துச் செலவழிப்பது அந்தக் காப்பைத்தான். ஒரே தட்டில் வெட்டியெடுத்த இரண்டு சில்லுகளுக்குக்கூட இந்த இடைவெளி ஒரே அளவில் இருக்காது. அதனால் நண்பரின் கணினியில் 150 நின்றது என்பதால் உங்களுடையதில் 80 நிற்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. டிசம்பரில் நின்றது மே மாதம் நிற்கும் என்பதும் இல்லை.

இடைவெளி தீர்ந்துபோனால் முதலில் தெரிவது கேம் மூடிக்கொள்வது. கிராபிக்ஸ் சில்லு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மீட்டெழுப்பும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும், நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண்ணோடு ஒரு வரி ஏறும். இது எரிச்சல் தருமே தவிர, வன்பொருளுக்குக் கேடு இல்லை. மதிப்பைக் குறைத்தால் சரியாகிவிடும். கேம் விளையாடுபவருக்கு ஆபத்து பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் உங்களுக்கு இத்தோடு முடியவில்லை. திட்டப்பணிக்கான மாதிரிகளை அதே சில்லில் பயிற்றுவிக்கப் போகிறீர்கள். கேமில் ஒரு புள்ளியின் நிறம் தவறாகக் கணக்கிடப்பட்டால் அடுத்த பிரேமில் அது அழிந்துவிடும், யாருக்கும் தெரியாது. பயிற்சியில் ஒரு பெருக்கல் தவறாகப் போனால் அந்தத் தவறு அடுத்த கணக்குக்குள் போகும், அங்கிருந்து அடுத்ததற்குப் போகும். கணினி நின்றுவிட்டால்கூட நல்லது. நிற்காமல், பிழைச் செய்தி எதுவும் தராமல், கொஞ்சம் தவறான விடையோடு ஓடிமுடிப்பதுதான் கொடுமை. இந்த வகை மடிக்கணினிக் கார்டுகளின் நினைவகத்தில் பிழைதிருத்தும் ஏற்பாடும் கிடையாது. மூன்று நாள் ஓடிய பயிற்சியில், மாதிரி எவ்வளவு தவறுகிறது என்பதைக் காட்டும் இழப்பு மதிப்பு ஏன் திடீரென எகிறியது என்று நிரலில் பிழை தேடி இரண்டு வாரம் வீணாக்கிய ஒருவரை அறிவேன். கடைசியில், முன்னெப்போதோ கேமுக்காக வைத்த ஓவர்கிளாக் விண்டோஸ் தொடங்கும்போதெல்லாம் தானாக ஏறிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அந்த ஒருவர் நான்தான். திட்டப்பணி நடக்கும் மாதங்களில் கார்டைத் தொழிற்சாலை அமைப்பிலேயே வைத்திருங்கள்.

நினைவகக் கிளாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது கோரைப் போல நடந்துகொள்வதில்லை. உங்கள் கார்டில் இருப்பது 14 கிகாபிட் வேகமுள்ள ஜிடிடிஆர்6 வகை நினைவகம். 192 பிட் அகலப் பாதையில் அது நொடிக்கு 336 கிகாபைட் தருகிறது. இந்த நினைவகமும் சில்லும் பேசிக்கொள்ளும் பாதையில் மட்டும், அனுப்பிய தரவு பிழைபட்டால் கண்டறிந்து மறுபடி அனுப்பும் ஏற்பாடு உண்டு. அதனால் அளவுக்கு மீறி ஏற்றினால் உடனே திரை சிதறாது. மறுபடி மறுபடி அனுப்புவதிலேயே நேரம் போய், பிரேம் எண்ணிக்கை சத்தமில்லாமல் குறையும். +1000 வைத்தும் என் கார்டு அசையவில்லை என்று பெருமைப்படுபவர்களில் பலர், +500இல் தங்களுக்குக் கூடுதல் பிரேம் கிடைத்திருக்கும் என்பதை அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, பெரும்பாலான மடிக்கணினிகளில் இவ்வகை நினைவகச் சில்லுகளின் வெப்பநிலை மென்பொருளில் காட்டப்படுவதே இல்லை. ஆஃப்டர்பர்னர் காட்டும் 86 டிகிரி கோரின் வெப்பம்; அதன் அருகே வெப்பம் கடத்தும் மெல்லிய தெர்மல் பேடின் அடியில் அமர்ந்திருக்கும் நினைவகமும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் மாஸ்ஃபெட்டுகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இந்த உறுப்புகளை முன்னிட்டுத்தான், கோரைவிட நினைவகத்தைத் தொட நான் அதிகம் தயங்குகிறேன்.

வெப்பம் நாளடைவில் என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றில் பெரிய சான்றே இருக்கிறது. 2008 ஜூலையில், தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றைப் பொதிந்து வைக்கும் பொதியுறையின் பொருள்கள் பலவீனமாக இருந்து பழுதாவதை என்விடியா ஒப்புக்கொண்டு, அதற்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. கணினி சூடாகி ஆறி, மறுபடி சூடாகி ஆறும் ஒவ்வொரு சுற்றிலும், சில்லும் அதைத் தாங்கும் தகடும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள நுண்ணிய ஈயப்பற்றுப் புள்ளிகள் அந்த இழுபறியில் விரிசல் விட்டன. யாரும் ஓவர்கிளாக் செய்யாமலேயே நடந்தது அது. இன்றைய பொதியுறைகள் அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் 45 டிகிரிக்கும் 86 டிகிரிக்கும் இடையே நாளுக்கு மூன்று முறை ஊசலாடும் சில்லின் ஆயுளும், 45க்கும் 74க்கும் இடையே ஊசலாடும் சில்லின் ஆயுளும் ஒன்றல்ல. ஆக, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது அந்த 150 அல்ல. ஓவர்கிளாக் செய்யாமலேயே நீங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் 86தான்.

மேசைக்கணினிக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளை மடிக்கணினிக்காரர்கள் அப்படியே பின்பற்றக்கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. மேசைக்கணினியில் கார்டு போனால் கழற்றிவிட்டு வேறு கார்டு செருகலாம். மடிக்கணினிகளிலும் ஒரு காலத்தில் எம்எக்ஸ்எம் என்ற செருகுகார்டு முறை இருந்தது. இப்போது அது அநேகமாக மறைந்துவிட்டது. கிராபிக்ஸ் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அது போனால் நிறுவனச் சேவை மையம் தாய்ப்பலகை முழுவதையும் மாற்றச் சொல்லும்; அந்த விலையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வார்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் சில்லை எடுத்து ரீபால் செய்து கொடுப்பவர்கள் உண்டு, கைதேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் ரீபால் என்பது சில்லுப் பொதிக்கும் பலகைக்கும் இடையிலான பற்றைப் புதுப்பிப்பது. பழுது பொதிக்கு உள்ளேயே இருந்தால், சூடாக்கிய வேகத்தில் சில வாரங்கள் ஓடிவிட்டு மறுபடி படுத்துவிடும்.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை நிறுவனத்துக்கு நிறுவனம் வாசகம் மாறும். கேமிங் மடிக்கணினி செய்யும் சில நிறுவனங்கள் தங்கள் சொந்த மென்பொருளிலேயே சிறிய அளவில் கிளாக் ஏற்றும் வசதியைத் தருகின்றன. அதற்குள் நின்றுகொண்டால் வாதத்துக்கு இடமிருக்காது. 2015 பிப்ரவரியில் என்விடியா தன் டிரைவர் வழியாக மடிக்கணினிக் கார்டுகளில் ஓவர்கிளாக் செய்வதையே அடைத்தது. மடிக்கணினிகள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பது அது சொன்ன காரணம். வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும் அதே மாதம் பின்வாங்கி, அடுத்து வந்த டிரைவரில் திறந்துவிட்டது. நிறுவனம் சொன்ன காரணம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காசு கொடுத்து வாங்கியவரிடம் கேட்காமல் கதவை அடைத்தது தவறு.

இனி நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கார்டு எதில் முட்டி நிற்கிறது என்று பாருங்கள். ஆஃப்டர்பர்னரின் கண்காணிப்புப் பக்கத்தில் மின்திறன் எல்லை, வெப்ப எல்லை, மின்னழுத்த எல்லை என மூன்று வரைகோடுகள் உண்டு. கேம் ஓடும்போது எது 1 என்று காட்டுகிறதோ அதுதான் உங்களைப் பிடித்து நிறுத்துவது. பெரும்பாலான 3060 மடிக்கணினிகளில் வெப்ப எல்லை 87 டிகிரியை ஒட்டி வைக்கப்பட்டிருக்கும் என்பதால், 86இல் ஓடும் உங்கள் கணினியில் மின்திறன் எல்லையோடு வெப்ப எல்லையும் விட்டுவிட்டு 1 காட்டும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படிக் காட்டினால், உங்களுக்கு உரிய 85 வாட்டே முழுதாகக் கிடைப்பதில்லை என்று பொருள். அந்த நிலையில் ஓவர்கிளாக்கைப் பற்றிப் பேசுவதே வீண்.

கணினி வாங்கி இரண்டரை ஆண்டு ஆகிறது. அடிப்பலகையைத் திறந்து பார்த்தால், விசிறிக்கும் ஹீட்சிங்க் இதழ்களுக்கும் நடுவே தூசி கம்பளித் துணிபோலப் படிந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. விசிறி எவ்வளவு கத்தினாலும் காற்று அந்தத் துணியைத் தாண்டாது. அதை எடுத்துவிட்டு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றுங்கள். பேஸ்ட்டுக்குப் பதில், சூட்டில் இளகிப் பரவிக்கொள்ளும் நிலைமாற்றப் பட்டை வகையைப் போட்டால், அடிக்கடி சூடாகி ஆறும் மடிக்கணினியில் அது பிதுங்கி வெளியேறாமல் நீண்டநாள் நிற்கும். திரவ உலோகம் வேண்டாம்: அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும், ஒரு துளி இடம் மாறினால் தாய்ப்பலகையே போய்விடும். கணினியின் பின்பகுதியை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். மெத்தையின் மேல் வைக்கவே வைக்காதீர்கள். அறை வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சில்லும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும் என்பதால், மதுரையில் சித்திரை மாத மதியத்தில் அளந்த எண்ணையும் மார்கழி இரவில் அளந்த எண்ணையும் ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்தது சிபியு. பெரும்பாலான மடிக்கணினிகளில் சிபியுவும் கிராபிக்ஸ் சில்லும் ஒரே ஹீட் பைப்புகளைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. சிபியு தன் டர்போ வேகத்தில் கக்கும் வெப்பம் பக்கத்து வீட்டுக்கும் போகிறது. விண்டோஸின் மின்திட்ட அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினால் டர்போ அணைந்துவிடும். கார்டே தடையாக இருக்கும் கேம்களில் பிரேம் எண்ணிக்கை அநேகமாகக் குறையாது. கார்டின் வெப்பம் இறங்கும். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்துவிட்டு வியக்காதவரை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகும் ஆசை இருந்தால், ஓவர்கிளாக் என்ற பெயரில் அல்லாமல், மின்னழுத்தத்தைக் குறைக்கும் அண்டர்வோல்ட் என்ற பெயரில் செய்யுங்கள். முன்பே சொன்னபடி, இரண்டும் அதே அட்டவணையில் கை வைப்பவைதாம். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தினால் மின்னழுத்தமும் வேகமும் சேர்ந்த வளைகோடு திறக்கும். கேமில் உங்கள் கார்டு இப்போது எந்த வேகத்தில், எந்த மின்னழுத்தத்தில் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தை 50 மில்லிவோல்ட் குறைந்த இடத்தில் வைத்துவிட்டு, அதற்கு வலப்புறம் உள்ள புள்ளிகள் அனைத்தையும் அதே உயரத்தில் தட்டையாக்கிவிடுங்கள். 850 மில்லிவோல்ட் 800 ஆனால், அதே வேகத்துக்குக் கோர் செலவழிக்கும் மின்திறன் ஏறக்குறைய 11 சதவீதம் குறையும். இருமடிக் கணக்கின் பலன் அது. அந்த மிச்சத்தை வெப்பம் குறைவதற்கு விட்டுவிடுவதா, இன்னும் இரண்டு படி வேகம் ஏறுவதற்குச் செலவழிப்பதா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் வெப்பத்துக்கு விட்டுவிடுவேன்.

சோதிக்கும்போது, கார்டுக்குக் கடும் சுமை தரும் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை நம்பாதீர்கள். அது சில்லை மின்திறன் எல்லையில் கொண்டுபோய் மோதவைப்பதால், கார்டு வளைகோட்டின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. நீங்கள் மாற்றிய மேல்பகுதி சோதிக்கப்படுவதே இல்லை. ஒரு மணி நேரம் ஃபர்மார்க்கில் நின்ற அமைப்பு, இலேசான கேமின் பட்டியல் திரையில் விழுந்துவிடுவது இதனால்தான். 3டிமார்க் டைம் ஸ்பையின் அழுத்தச் சோதனையை 20 சுற்றும் ஓட்டுங்கள். 97 சதவீதத்துக்கு மேல் வந்தால் தேர்ச்சி. அதன்பின் நீங்கள் உண்மையிலேயே விளையாடும் கேம்களை, ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் உள்ளவற்றையும் சேர்த்து, இரண்டு வாரம் விளையாடுங்கள். அதுவரை விண்டோஸ் தொடங்கும்போதே இந்த அமைப்பு ஏறும்படி வைக்காதீர்கள். தவறான அமைப்பு தானாக ஏறிக்கொண்டே இருந்தால் பாதுகாப்பு நிலையில் தொடங்கித்தான் அதை நீக்க வேண்டியிருக்கும்.

மேலே சொன்ன எல்லாமும் மின்திறன் எல்லையில் முட்டும் கணினிக்கு. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை மடிக்கணினிகளில் கதை கொஞ்சம் மாறும். அவற்றில் 4060, 4070 போன்றவை பல கேம்களில் மின்திறன் எல்லையைத் தொடுவதற்கு முன்பே மின்னழுத்த எல்லையைத் தொட்டு நின்றுவிடுகின்றன. அங்கே +150 என்றால் வேகமும் ஏறக்குறைய அவ்வளவு கூடும், அதோடு வாட்டும் வெப்பமும் கூடும். வெப்பம் 75க்குக் கீழே இருக்கும் தடித்த பெட்டி, உத்தரவாதக் காலம் முடிந்த கணினி, அடுத்த ஆண்டு எப்படியும் மாற்றிவிடும் எண்ணம், கணக்குவேலை எதுவும் அதில் இல்லை என்ற நிலை, இவை சேர்ந்து அமைந்தவரிடம் நான் தடை சொல்வதில்லை. 25, 25 ஆக ஏற்றி, விழும் இடத்திலிருந்து 50 இறக்கி வைத்துக்கொள்ளட்டும்.

கடிதத்தின் கடைசி வரியில், 115 வாட் கொண்ட வேறொரு நிறுவனத்தின் வி-பயாஸை (கார்டின் எல்லைகளை வகுக்கும் உள்மென்பொருளை) எழுதிக்கொண்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேற்சொன்ன எதனோடும் இதைச் சேர்க்காதீர்கள். இதுவரை பேசியவை மென்பொருளில் ஓர் எண். கணினியை அணைத்தால் போய்விடும். இது மின்திறன் எல்லையையே மாற்றுவது. உங்கள் பலகையின் மாஸ்ஃபெட்டுகளும் ஹீட் பைப்பும் மின்னூட்டியும் 85 வாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மின்னூட்டி தாங்காதபோது குறையும் மின்சாரத்தைக் கணினி மின்கலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், மின்இணைப்பில் இருக்கும்போதே மின்கலம் தேயத் தொடங்கும். இவ்வளவுக்கும் 85ஐ 115 ஆக்கினால், முன்பு போட்ட மும்மடிக் கணக்கின்படி, வேகம் பத்துப் பதினொரு சதவீதம்தான் கூடும். எழுதுவது பாதியில் நின்றாலோ, அந்த வி-பயாஸ் உங்கள் பலகையின் திரை இணைப்போடு ஒத்துப்போகாவிட்டாலோ திரை எழாது. மீட்க வேண்டுமானால் பலகையில் அந்தச் சிறிய எட்டுக்கால் சில்லைத் தேடிப்பிடித்து, கிளிப் மாட்டி, சிஎச்341ஏ போன்ற கருவியால், அந்தச் சில்லு 1.8 வோல்ட் வகையாக இருந்தால் அதற்கான அடாப்டரையும் இடையில் வைத்து, முன்கூட்டியே நகலெடுத்து வைத்த பழைய வி-பயாஸை எழுத வேண்டும். நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை.